மாமி வீட்டுப் புதன்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே மாவைக் கரைத்து வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு வரப்போகிற ஆளுக்கு இரண்டு மணிக்கு மா கரைக்கிற பைத்தியம் லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு அரைத்தவணை லீவு. இல்லாவிட்டால் அந்த நேரம் பள்ளிக்கூடக் குசினியில் முந்நூறு பிள்ளைகளின் தட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் எனக்குக் கை கால் உளையும்.

வரப்போகிறவன் என் மகள் கிளறிற்றாவின் புருஷன். பெயர் ஆர்த்தியோம். ரஷ்யாக்காரன், லிப்ட் திருத்துகிற வேலை. கலியாணம் முடிந்து ஒரு வருசமும் ஐந்து மாதமும் ஆகிறது. அன்றுவரை அவன் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கலியாணத்துக்கு நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஊராரிடம் கேட்கத் தேவையில்லை. அப்போது என் மனுசன் எட்வேட் செத்து எட்டு மாதம். ஆண்டுப் பூசைக்கு இன்னும் நாலு மாதம் கிடந்தது. "அவருக்கு விசா முடியுது அம்மா, பொறுக்க ஏலாது" என்று மகள் அழுதாள். விசாவின் அருமை தெரியாத குடும்பமா நாங்கள்? ஒரு விசாக் கடிதத்துக்காக ஒன்பது வருசம் தபால்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தவர் எட்வேட். எல்லாம் தெரிந்தும், "கொப்பரின்ரை மண் காய முன்னம் உனக்கு மாலை கேக்குதோ?" என்று கேட்டுவிட்டேன். மகள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனாள். ஆண்டுப் பூசைக்குக் கோவிலுக்கு வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தாளாம், என் கோவில் கூட்டாளி கத்தரின் சொன்னாள். நான் முன்வாங்கில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கோலியர்ஸ் வுட்டிலிருந்து வால்தம்ஸ்டோவுக்கு ரெயினில் ஒரு மணித்தியாலம் பிடிக்காது. அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் நாங்கள் இருவரும் ஒன்றரை வருசமாகப் போகாமல் வைத்திருந்தோம்.

போன கிழமைதான் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது. "அம்மா, ஆர்த்தியோம் உங்களிட்டை வரவேணுமாம். அவையின்ரை ஊரிலையும் நோன்புக்கு முதல் பான்கேக் சுடுறவை. அதிலை மாமியின்ரை நாள் எண்டு ஒண்டு இருக்காம். அண்டைக்கு மருமகன் மாமி வீட்டை போய்ச் சாப்பிட வேணுமாம். அடுத்த கிழமை, பின்னேரம் ஆறு மணிக்கு. நானும் வருவன். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. இந்த முறையும் வேண்டாமெண்டால் இனி நான் கேக்க மாட்டன்."

கேட்க மாட்டேன் என்றால் கேட்கமாட்டாள். என் வயிற்றில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா? 'ஓம், வரச்சொல்லு' என்று உடனே எழுதி அனுப்பினேன். அந்தக் கிழமையில் எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பான்கேக் என்றால் செவ்வாய், நோன்பு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல் நாள். எங்கள் பங்குக் கோவிலில் இருபது வருசமாகப் பான்கேக் செவ்வாய்க்குத் தாச்சி பிடிக்கிறவள் நான். எனக்கே நாள் சொல்லித் தருவார்களா?

தாச்சி பிடிக்கிறது என்றால் சுடுவது மட்டும் இல்லை. கோவில் கார்ப் பார்க்கில் ஓட்டப் போட்டியும் நடக்கும். பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் கைபிடித் தாச்சியோடு, அதிலிருக்கிற பான்கேக்கை எறிந்து எறிந்து பிடித்தபடி ஓடவேண்டும். வெள்ளைக்காரர் தவக்காலத்துக்கு முன் முட்டையையும் வெண்ணெயையும் முடிப்பதற்குக் கண்டுபிடித்த விளையாட்டு. எட்வேட் விசில் ஊதுவார், நான் ஓடுவேன், சின்னவளான கிளறிற்றா "அம்மா, அம்மா" என்று பின்னால் ஓடிவருவாள். மூன்று முறை வென்றிருக்கிறேன். மூன்றாம் முறை எல்லைக்கோட்டில் நான் விழுந்தேன், பான்கேக் விழவில்லை. தாச்சியின் ஓரத்தில் ஒரு நெளிவு விழுந்ததுதான் மிச்சம். இன்றைக்கும் அதில்தான் சுடுகிறேன்.

இந்த வருசம் பங்கு விருந்துக்கு வரமாட்டேன் என்று கத்தரினிடம் சொல்லிவிட்டேன். "மருமகன் வாறார்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, "ஆர்?" என்று திரும்பக் கேட்டாள்.

நாலு மணிக்கு ஆட்டிறைச்சிக் கறி இறக்கினேன். முதல் முதல் வாசல் மிதிக்கிற மருமகனுக்கு வெறும் மாவையா வைப்பது? ஐந்து மணிக்கு நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். ஐந்தரைக்கு மறுபடியும் கழுவினேன். ஆறுக்கு அடுப்பை மூட்டினேன், ஆறேகாலுக்கு நிற்பாட்டினேன். பல்கணிக்குப் போய்த் தெருவைப் பார்ப்பதும், உள்ளே வந்து மணிக்கூட்டைப் பார்ப்பதுமாக, வீட்டுக்குள்ளேயே இரண்டு மைல் நடந்திருப்பேன். ஆறரைக்கு, வந்தவுடன் சுடச்சுடக் கொடுக்கலாம் என்று சுடத் தொடங்கினேன். ஏழேகாலுக்கு இருபத்திரண்டு பான்கேக் அடுக்கியிருந்தேன், அத்தனையும் ஆறிக் கிடந்தது.

போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள். எனக்கு மானம் விடவில்லை. ஒன்றரை வருசம் கழித்து நான் முதலில் போன் எடுத்து, "எங்கை நிக்கிறியள், இன்னும் காணேல்லை" என்று கெஞ்சுவதா?

ஏழரைக்குக் கத்தரின் ஓட்டப் போட்டி வீடியோவை அனுப்பினாள். யாரோ ஒரு புதுப் பெடிச்சி முதலாவதாக வந்து துள்ளிக்கொண்டு நின்றாள். விசில் ஊதியது சுவாமியார். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. எட்டு மணிக்குப் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு மகளுக்கு வாட்ஸ்அப்பில் வொயிஸ் பேசி அனுப்பினேன்.

"வாறம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு மனுசியைக் காக்க வைச்சு ஏமாத்துறதுக்கு ஆரிட்டைப் பழகினனீ? கொப்பர் இல்லாத வீடு, தனிச்ச மனுசி, என்னவும் செய்யலாம் எண்டு நினைச்சியோ? இனி இந்தக் கதவை ஒருத்தரும் தட்ட வேண்டாம். நான் செத்தாலும் என்ரை செத்த வீட்டுக்கு நீ வர வேண்டாம்."

இன்னும் பேசினேன். நாலு நிமிசம். அனுப்பிய கையோடு பான்கேக், கறி, மிச்ச மா, மிச்ச முட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கோவில் மண்டபத்துக்கு நடந்தேன். கத்தரின் பையை வாங்கிக்கொண்டு, "மருமகன் வரேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எந்த மருமகன்?" என்றேன்.

மறுநாள் விபூதிப் புதன். அறுபது தாண்டினவர்களுக்கு ஒருசந்தி நோன்பு கட்டாயமில்லை என்று சுவாமியார் சொல்வார். அது சுவாமியாரின் கதை. எனக்கு அறுபத்தொன்று, நான் பிடிக்கிறேன். காலையில் வெறுந் தேத்தண்ணி மட்டும். அந்த நாளின் ஒரே சாப்பாடு பின்னேரம் கஞ்சி. பன்னிரண்டரைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய் என்று சுவாமியார் சொல்லும்போது, "கொப்பரின்ரை மண் காய முன்னம்" என்று நான் மகளிடம் கேட்டது காதுக்குள் கேட்டது. பீடத்திலிருந்து திரும்பி வரும்போது கடைசி வாங்கைப் பார்த்தேன். அதில் எவரும் இல்லை.

போனில் நீலக் கோடு இரண்டும் விழுந்திருந்தன. கேட்டுவிட்டாள், பதில் இல்லை. ரோஷக்காரிக்கு ரோஷக்காரி. அலுமாரித் தட்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்தேன். துடைத்த தட்டை மறுபடி துடைத்தேன். மெழுகுதிரி வாங்கப் போய் மெழுகுதிரி வாங்காமல் திரும்பி வந்தேன். பிழை அவளுடையதுதான், ஏமாற்றியது அவர்கள்தான் என்று எனக்கு நானே நூறு தரம் சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டே ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தேன்.

ஆறு மணிக்குக் கதவு மணி அடித்தது.

வாசலில் நெடுவல் ஒருவன் நின்றான். ஒரு கையில் ஐந்து மஞ்சள் பூ, மற்றக் கையில் புளிப்புக் கிறீம் போத்தல். படத்தில் பார்த்த முகம். பின்னால் எட்டிப் பார்த்தேன். கிளறிற்றா இல்லை.

"மாமி" என்றான். அந்த ஒரு சொல்லைத் தமிழில் பழகி வைத்திருந்தான். மிச்சமெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இருவரின் ஆங்கிலமும் நொண்டி என்பதால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

"உங்கள் நெற்றியில் கரி பட்டிருக்கிறது" என்று சொல்லிக் கைலேஞ்சியை எடுத்து நீட்டினான்.

"அது கரி இல்லை. இண்டைக்கு எங்களுக்கு நோன்பு தொடக்கம். நேற்று வராமல் இண்டைக்கு ஏன் வந்தனீ?"

"நேற்றா?" அவன் முகத்தில் கள்ளம் இல்லை. "நேற்று ஏன் வரவேண்டும்? மாமியின் நாள் புதன்தானே. எங்களுக்கு இந்தக் கிழமை முழுவதும் பான்கேக். திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்கும். புதன்கிழமைதான் மருமகன் மாமி வீட்டுக்குப் போகிற நாள். எங்கள் நோன்பு அடுத்த திங்கள்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருசம் தாச்சி பிடித்த எனக்கு, உலகத்தில் இன்னொரு பான்கேக் கிழமை இருக்கும் என்று தெரியவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. நான்தான் தப்பான நாளில் காத்திருந்து, தப்பான நாளில் கத்தி, பெற்ற பிள்ளையைச் செத்த வீட்டுக்கும் வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

"கிளறிற்றா எங்கை?"

"வீட்டில். நேற்று வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் உங்கள் குரலைக் கேட்டாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. அங்கே போகவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்."

"பிறகேன் வந்தனீ?"

"நீங்கள் ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். புதன்கிழமைக்குச் சொன்ன ஓம். புதன் இன்னும் முடியவில்லை."

உள்ளே வரச் சொன்னேன். குசினிக்குள் போய் அலுமாரியைத் திறந்தால் ஒரு முட்டைகூட இல்லை. எல்லாம் நேற்று என் கோபத்தோடு மண்டபத்துக்குப் போய்விட்டது. நான் தலையில் கை வைக்க, "பத்து நிமிசம்" என்று சொல்லிப் படியில் இறங்கி ஓடினான். பத்து நிமிசம் பதினைந்தாயிற்று, இருபதாயிற்று. பல்கணியில் நின்றேன். போய்விட்டான், அவள் போன் எடுத்து வா என்று சொல்லியிருப்பாள், சரிதானே, யார் நிற்பார்கள் இந்த வீட்டில் என்று நினைத்தேன். நேற்று வரவில்லை என்று வந்த கோபத்தை விட, இன்றைக்குப் போய்விட்டானோ என்று வந்த பயம் பெரிது. தெரு மூலையில் முட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் திரும்பி வருவதைக் கண்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தேன். முதல் இரண்டு கடையிலும் முட்டை முடிந்துவிட்டதாம். நேற்று லண்டன் முழுவதும் பான்கேக் சுட்டிருக்கிறது.

அவசர அவசரமாகக் கரைத்தேன். தாச்சி காயுமுன் ஊற்றிவிட்டேன். முதலாவது ஒட்டிப் பிடித்துப் பிய்ந்தது. தோசை சுட்டாலும் முதலாவது இப்படித்தான் மானத்தை வாங்கும். சுரண்டித் தட்டில் எடுத்துக் குப்பைக்குள் போடப் போனேன்.

"வேண்டாம் மாமி." என் கையைப் பிடிக்காமல் தட்டை மட்டும் பிடித்தான். "முதலாவது செத்தவர்களுக்கு. எங்கள் வீட்டில் ஜன்னலில் வைப்போம்." பிய்ந்த துண்டுகளைச் சின்னத் தட்டில் ஒன்றாகச் சேர்த்து, சீனி தூவி, தேசிக்காயை எடுத்துப் பிழிந்தான். ஒரு பாதி முடிந்து மற்றப் பாதியையும் பிழிந்தான்.

"காணும், காணும், அவ்வளவு புளி ஆருக்கு?"

"கிளறிற்றா சொன்னாள், அவளுடைய அப்பாவுக்கு இரண்டு மடங்கு வேண்டுமாம்." தட்டைக் குசினி ஜன்னலில் வைத்து, "எட்வேட் மாமா" என்று மெல்லச் சொன்னான். தலையைக் குனிந்து சிலுவை போட்டான், எங்களைப் போலில்லாமல் வலது தோளை முதலில் தொட்டு.

நான் அழுதேன். வெட்கமில்லாமல், தாச்சியைப் பிடித்தபடி, சத்தமாக அழுதேன். அப்பனை மறந்து போனாள் என்று யாரை இத்தனை நாளும் திட்டினேனோ, அவள் அப்பனின் தேசிக்காய்க் கணக்கைக்கூட ஒரு பிற மனுசனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் நானே சொன்னேன்.

"நேற்று நான் என்ன சொன்னனான் எண்டு கேட்டாயாம். இந்தக் கதவைத் தட்டாதை எண்டு சொன்னனான். நான் செத்தாலும் செத்த வீட்டுக்கு வராதை எண்டு சொன்னனான்."

அவன் தாச்சியை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாவது பான்கேக்கை ஊற்றி, ஓரம் சிவக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் அம்மா மாதத்துக்கு ஒரு தடவை அப்படிச் சொல்வார்" என்றான் கடைசியில். "ஆனால் எனக்குப் பழக்கம். கிளறிற்றாவுக்குப் பழக்கமில்லை."

மேசையில் இருந்தோம். என்னுடைய கஞ்சி அடுப்பில் கிடக்கட்டும், அன்றைக்கு எனக்குள்ள ஒரே சாப்பாட்டை அவனோடு சாப்பிட்டேன். நேற்று ஆட்டிறைச்சி காய்ச்சி வைத்திருந்ததைச் சொன்னதும் சிரித்தான். "நேற்று வந்திருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டேன். இந்தக் கிழமை எங்களுக்கு இறைச்சி கூடாது. நீங்கள் இன்னும் கோபித்திருப்பீர்கள்." அது உண்மை. கட்டாயம் கோபித்திருப்பேன்.

பன்னிரண்டு பான்கேக் சாப்பிட்டான். எழும்பும்போது, "வெள்ளிக்கிழமை என்னுடைய முறை" என்றான். "வெள்ளிக்கிழமை மருமகன் வீட்டுக்கு மாமி வரவேண்டும். வருகிற மாமி, தன்னுடைய தாச்சியை முன்கூட்டியே அனுப்பவேண்டும். பழைய வழக்கம்."

"ஏன், உங்கடை வீட்டிலை தாச்சி இல்லையோ?"

"இரண்டு இருக்கிறது. ஆனால் தாச்சி வந்தால்தான் மாமி வருவார் என்று நம்புவார்கள்."

நான் அதைத் தேய்த்துக் கழுவினேன். நெளிந்த ஓரத்தைத் துணியால் துடைத்தேன். துவாயால் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். கதவடியில் என் வாய் தானாக, "கவனமாப் போங்கோ, தம்பி" என்றது.

எட்டேகாலுக்குப் போனான். ஸ்டொக்வெல்லில் மாறவேண்டும், பிறகு கடைசி ஸ்டேசன் வரைக்கும் நேரே. ஒன்பதேகாலுக்கு வீட்டில் நிற்பான். நான் போனை மேசையில் வைத்தேன், கையில் எடுத்தேன், மறுபடி வைத்தேன். தாச்சியைப் பார்த்ததும் அவள் குப்பைக்குள் எறிந்தால்? துவாயைக்கூட அவிழ்க்காவிட்டால்? ஒன்பதேகால் போய் ஒன்பதரையானது. ஜன்னலில் எட்வேட்டின் தட்டு அப்படியே இருந்தது. "சும்மா இருக்காமல் ஏதாவது செய்யுங்கோவன்" என்று அவரையும் ஒரு ஏச்சு ஏசினேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது.

"அம்மா." ஒன்றரை வருசத்துக்குப் பிறகு எனக்கு நேரே அந்தக் குரல். "தாச்சி வந்திட்டுது."

"ஓம் பிள்ளை."

"இதை அனுப்பினால் என்ன அர்த்தம் எண்டு தெரிஞ்சுதானே அனுப்பினனீங்கள்?"

"தெரியும். அவர் சொன்னவர்." அதற்கு மேலும் மானத்தைக் கட்டிப்பிடிக்க எனக்குத் தெம்பில்லை. "பிள்ளை, நான்தான் நாளைப் பிழையா விளங்கினனான். நேற்றைக்கு மட்டும் இல்லை, உன்ரை கலியாணத்துக்கும் நான் வந்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள். அந்த வொயிஸை அழிச்சுப்போடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, நெளிந்த ஓரத்தில் விரலால் தட்டுகிற மாதிரி டிங் டிங் என்று ஒரு சத்தம்.

"அழிக்கிறன். ஆனால் நீங்கள் சொன்னதைக் கேக்கிறன் அம்மா. உங்கடை செத்த வீட்டுக்கு நான் வரேல்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை உயிரோடை என்ரை வீட்டுக்கு வாங்கோ."

"வாறன்" என்றேன். "வாறன், வாறன்."

போனை வைத்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் கிடந்தது. எழும்பிப் போய், வெளியே போடுகிற சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்தேன்.